மோட்டாரை விடு, பிரேக்கைப் பார்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய மூன்று மின்சார சைக்கிள்களின் விவரத்தையும் உட்கார்ந்து படித்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால்தான் கடிதம்.

மூன்றில் மோட்டார் எது பெரியது என்று நீ கேட்டிருக்கிறாய். ஆயுசு முழுக்க மோட்டாருக்குக் காயில் கட்டியவனிடம் மகள் முதலில் அதைத்தான் கேட்பாள். ஆனால் இந்த விலையில் வாங்கும் சைக்கிளில் நீ கடைசியாகப் பார்க்க வேண்டியது மோட்டாரைத்தான். முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை உள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பின் சக்கரத்தின் நடுவில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட், தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் கிடையாது. உள்ளே சின்ன மோட்டார் வேகமாகச் சுற்றும், பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து இழுவையாக மாற்றிக் கொடுக்கும். கடையில் ஒன்று செய்து பார். பின் சக்கரத்தைத் தூக்கி முன்பக்கமாகச் சுற்று, லேசாக ஓட வேண்டும். பின்பக்கமாகச் சுற்று, கை கனக்கும். அப்படியென்றால் உள்ளே பல்சக்கரமும் கிளட்சும் உள்ள மோட்டார். அதைத்தான் எடுக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண சைக்கிள் போல மிதித்து வீடு வரலாம்.

250 வாட்டுக்கு மேல் ஆசைப்படாதே. நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி, மோட்டாரின் சக்தி 0.25 கிலோவாட்டுக்குள் இருந்து, வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போது அது உதவியை நிறுத்திக்கொண்டால் அது சைக்கிள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். 'ஆஃப் ரோடு' என்று சொல்லி 500 வாட், 750 வாட் விற்பவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வேக வரம்பைத் திறந்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. நாளைக்கு யார் மீதாவது இடித்துவிட்டால், பதிவில்லாத வண்டி ஓட்டியவளாக நீ நிற்பாய்.

பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி படத்தில் கம்பீரமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம். இந்த விலைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங்கையும் நாலு மூட்டுகளையும் சேர்க்கிறார்கள் என்றால் வேறு எங்கோ குறைத்திருக்கிறார்கள். அந்த மூட்டுகளில் புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தால் அதைச் சரிசெய்யும் ஆளைத் தேடி நீ அலைய வேண்டும். முன் ஃபோர்க்கில் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், பின்னால் வெறும் அலுமினியச் சட்டம், அதாவது ஹார்ட்டெயில். உன் பெங்களூர் ஆபீஸ் ரோட்டுக்கும், சர்ஜாபூர் தாண்டி நீ சொல்லும் ஏரிக்கரைக்கும் தைலமரத் தோப்புக்கும் அது போதும். தார் ரோட்டில் ஃபோர்க்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார். பின்பக்கக் குலுக்கலுக்கு டயர் காற்றுதான் மருந்து. ரோட்டில் 40 பி.எஸ்.ஐ., மண்ணில் 30. அதற்குக் கீழே இறக்காதே. பின் சக்கரத்தில் மோட்டார் எடையும் சேர்ந்திருப்பதால், கல்லில் மோதினால் டியூப் ரிம்மில் கடிபடும்.

இப்போது பேட்டரி. விளம்பரத்தில் 'இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்று போட்டிருப்பதைப் படிக்காதே. வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கு. வருவது வாட்-அவர், பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-அவர் என்றால் 275 வாட்-அவர். 10.2 என்றால் 367. உன் ஆபீஸ் போகவர 22 கிலோமீட்டர். சிக்னலில் நின்று நின்று, பாலம் ஏறி இறங்கிப் போனால் கிலோமீட்டருக்கு 12 வாட்-அவர் ஆகும் என்று வைத்துக்கொள். 264 வந்துவிட்டது. சின்ன பேட்டரி புதிதாக இருக்கும்போதே மூச்சு முட்டும். பெரியது தேய்ந்து எண்பது சதவீதத்துக்கு வந்தாலும் 290-க்கு மேல் நிற்கும். அதனால் 10.2-க்குக் குறைந்து வாங்காதே. அந்த வித்தியாசத்துக்குக் கேட்கும் பணம் நியாயமான பணம்தான்.

சாவி போட்டுக் கழற்றும் பேட்டரியாக இருக்கட்டும். மூன்றாவது மாடிக்கு இருபத்து மூன்று கிலோ வண்டியை நீ தூக்கப் போவதில்லை. ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாதே, சூடு ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறு எதையும் செருகாதே. நீ தூங்கும்போது அது சார்ஜில் இருக்கக் கூடாது, மெத்தை மேல் கூடாது, வாசல் கதவுக்குப் பக்கத்திலும் கூடாது. ஏதாவது ஆனால் வெளியே ஓட உனக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். ஊருக்கு வந்து நாலைந்து வாரம் தங்குவதாக இருந்தால் பாதி சார்ஜில் வைத்துவிட்டு வா. முழுசாக நிரம்பியோ முழுசாகக் காலியாகவோ நாள்கணக்கில் கிடந்தால் செல்லுக்கு ஆயுசு குறையும். கரண்டுச் செலவு ஒன்றுமில்லை, முழு சார்ஜுக்கு அரை யூனிட்கூட ஆகாது.

நான் அழுத்திச் சொல்ல வந்தது பிரேக். வண்டி, நீ, லேப்டாப் பை எல்லாம் சேர்த்தால் தொண்ணூறு கிலோ பக்கம் வரும். சாதாரண சைக்கிளில் 15 வேகத்தில் போகிறவள் இதில் நாள் முழுக்க 25-ல் போவாய். வேகம் கூடக் கூட, நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் அதே விகிதத்தில் ஏறாது, வர்க்கத்தில் ஏறும். 15-க்கும் 25-க்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் ஒயர் தளர்ந்துகொண்டே வரும், அடிக்கடி முறுக்க வேண்டும், மழையில் கை வலிக்க அழுத்த வேண்டும். ஆயில் பிரேக்குக்கு இரண்டு விரல் போதும். நீ அனுப்பியதில் இரண்டாவது வண்டியில்தான் அது இருக்கிறது, விலையும் அதற்குத்தான் கூட. இன்னொன்று: பிரேக் பிடியைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா என்று கடையிலேயே சோதித்துப் பார். இந்த விலை வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கும். நீ எவ்வளவு பலமாக மிதிக்கிறாய் என்று அதற்குத் தெரியாது. மிதிப்பதை நிறுத்தின பிறகும் ஒரு கணம் தள்ளும். பிரேக்கில் உள்ள சுவிட்ச்தான் அந்தத் தள்ளலை அறுக்கும்.

அதே காரணத்துக்காக, மண்பாதையில் மோட்டார் உதவியை முதல் நிலையில் மட்டும் வை. பொடி மண்ணில் திரும்பும்போது மோட்டார் திடீரென்று தள்ளினால் பின் சக்கரம் வழுக்கும். செங்குத்தான ஏற்றத்தில், மிதிக்காமலே மோட்டாரை ஓட்டும் த்ராட்டிலை மட்டும் நம்பி ஏறாதே. கிணற்று மோட்டாரோ சைக்கிள் மோட்டாரோ, சுற்ற முடியாமல் திணறும்போதுதான் கரண்ட்டை அதிகமாக இழுக்கும், காயில் சூடேறும். கருகிப்போன காயிலின் வாசம் நம் பட்டறையில் வளர்ந்த உனக்குத் தெரியும். கியரைக் குறை, காலும் சேர்ந்து உழைக்கட்டும். பன்னேருகட்டா பக்கம் காட்டுக்குள் போகும் பாதை எதுவும் வேண்டாம், யானை நடமாடும் இடம். வேறு எந்தக் காடானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதே.

பின் சக்கரம் பஞ்சரானால் சட்டென்று கழற்ற முடியாது. மோட்டார் ஒயர் இணைப்பைப் பிரித்து, அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். அது 18 அல்லது 19 நம்பர் ஸ்பேனரில் வரும், வாங்கும்போதே அளந்து ஒன்றைப் பையில் போட்டுக்கொள். முள் குத்திய இடம் தெரிந்தால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். மோட்டாருக்குள் போகும் ஒயர் நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்படி இருந்தால் மழைத்தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே போகாமல் சொட்டிவிடும். பெங்களூரில் சாயங்கால மழைக்கு இது முக்கியம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப் அடிக்க விடாதே.

வாங்கும் முன் கடையில் கேள்: மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலர் போனால் புதிது எத்தனை நாளில் வரும்? பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி, அதைத் தனியாக வாங்கினால் என்ன விலை? வாயால் சொல்வதை விட்டுவிட்டு எழுதி வாங்கு. பதில் சொல்லத் தயங்கும் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதே.

உன் கணக்கில் பன்னிரண்டாயிரம் போட்டிருக்கிறேன். இரண்டாவது வண்டிக்கும் நீ நினைத்திருந்த வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அதில் அடங்கும், மிச்சத்தில் ஹெல்மெட்டும் பின் லைட்டும் வாங்கு. திருப்பித் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. வண்டியை எடுத்து முதல் வாரம் ஓட்டியதும் பின் அச்சு நட்டை ஒரு முறை இறுக்கிப் பார், ஸ்போக் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதாக இருந்தால் அங்கிருந்தே வீடியோ கால் போடு, பிரேக்கை நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா