நம் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் ரசிகர் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் செயற்குழுவுக்கும், பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். நம் அணியின் முழக்கத்தோடு தொடங்குகிறேன்: கோ ப்ளூ! நம் பரம எதிரணியான ஒஹாயோ ஸ்டேட்டில் படித்துவிட்டு நம் ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் சேர்த்தேதான் இந்த வணக்கம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரைக்கான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். நான் நடந்ததைச் சொல்கிறேன், செயற்குழுவில் பேசி எடுத்த முடிவுகளையும் சொல்கிறேன். உடன்படாதவர்கள் எழுந்து பேசுங்கள், பொதுக்குழு கூட்டுவதே அதற்குத்தான்.

முதலில் ஆட்டம். 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று வென்று, அந்த சீசனில் ஆடிய 15 ஆட்டத்தையும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆன அணி நம்முடையது. அதற்கப்புறம் பயிற்சியாளர் ஹார்பா என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் பக்கம் போய்விட்டார், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மெக்கார்த்தியும் போய்விட்டார், ஷெரோன் மூர் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தார். அதனால் இந்த சீசன் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்திலேயே டெக்சாஸிடம் 31-12 என்று தோற்றபோது ஆஸ்டினிலிருந்து வந்திருந்த நண்பர்களுக்குப் புளியோதரை பரிமாறிய கைகள் கொஞ்சம் தளர்ந்துதான் போயின. முடிவில் 8 வெற்றி, 5 தோல்வி. தெற்குக் கலிபோர்னியா (யுஎஸ்சி) அணியை 27-24 என்று சாய்த்த ஆட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு நம் ஆட்கள் பந்தை எறிந்து எடுத்தது மொத்தமே 32 கஜம்தான், மீதி முழுக்க ஓட்டம், கடைசியில் 37 விநாடி மிச்சமிருக்கும்போது நாலாவது முயற்சியில் கேலல் மல்லிங்ஸ் கோட்டைத் தாண்டி விழுந்தார். அரங்கத்தில் இருந்த நம் உறுப்பினர்களுக்குத் தொண்டை திரும்ப ஒரு வாரம் ஆனது.

ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்தத்தில் கூடிச் சமைத்துச் சாப்பிடும் டெயில்கேட் ஏற்பாடு இந்த வருஷம் நன்றாக நடந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். பகல் 12 மணி ஆட்டம் என்றால் காலை 8 மணிக்கே பயனியர் பள்ளி வாகன நிறுத்தத்தில் இடம் பிடித்துவிடுகிறோம். கேன்டனிலிருந்து வருகிறவர்கள் இட்லியும் சுண்டலும், நோவைக்காரர்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், கரி அடுப்புப் பொறுப்பு வழக்கம்போல ஃபார்மிங்டன் ஹில்ஸ் தம்பிகளுடையது. மிளகு, சோம்பு, இஞ்சி பூண்டு தட்டி ராத்திரியே ஊறவைத்த கோழித்தொடையைக் கம்பியில் புரட்டும்போது அந்தக் கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை இருக்கிறதே, அதுதான் நம் சங்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறது. பக்கத்து வண்டிக்காரர்கள், நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் வண்டி நிறுத்தும் பெரியவர்கள், தட்டோடு வந்து நிற்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் சொல்லும் பழைய கதைகள், எந்த வருஷம் எந்தப் பனியில் எப்படித் தோற்றார்கள் என்பதெல்லாம், நமக்கு வேறெங்கும் கிடைக்காது. இந்த ஊரில் நாம் வேலைக்கு வந்தவர்கள் என்ற நிலை மாறி ஊர்க்காரர்கள் ஆனது அந்த வாகன நிறுத்தத்தில்தான் என்று நான் நம்புகிறேன். ஒரே கோரிக்கை: குப்பைப் பையை எடுத்துப் போகும் முறை யாருடையது என்பதை முந்தின நாளே குழுவில் போட்டுவிடுங்கள்.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கான விதிமுறை வகுப்பு முதல் ஆட்டத்தன்று ஒரு உறுப்பினர் வீட்டு பேஸ்மென்டில் நடந்தது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் போக வேண்டும், போனால் மறுபடி நாலு முயற்சி, அவ்வளவுதான் அடிப்படை. திருநெல்வேலிப் பக்கத்து ஐயா ஒருவர் கேட்டுவிட்டு, “அப்போ இது கோட்டைத் தாண்டிட்டுத் திரும்பி வராத கபடி, சரிதானே?” என்றார். இதைவிட நல்ல விளக்கம் நாங்கள் யாரும் சொன்னதில்லை, அடுத்த வருஷ வகுப்பை அவர் வார்த்தையிலேயே தொடங்கலாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா வேறொன்று கேட்டார்: “லட்சம் பேர் காசு கொடுத்து உட்கார்ந்திருக்காங்க, விளையாடுற பிள்ளைங்களுக்கு என்ன கொடுக்கிறாங்க? எலும்பு உடைஞ்சா யார் பார்ப்பாங்க?”

அந்தக் கேள்வியை வருஷம் முழுக்கச் செயற்குழு பேசியிருக்கிறது. நம் அரங்கம் 1927-ல் திறந்தது, இருக்கைக் கணக்கு 1,07,601. 1975 நவம்பரிலிருந்து, கொரோனா வருஷமான 2020 நீங்கலாக, ஒரு ஆட்டத்துக்கும் கூட்டம் லட்சத்துக்குக் கீழே போனதில்லை. அத்தனை வருமானத்தில் ஆடுகிற பையனுக்குப் படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் போதும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷ ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. இப்போது 2025 ஜூன் 6 அன்று ஹவுஸ் வழக்கில் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார்: பழைய ஆட்டக்காரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர், இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், முதல் வருஷமான 2025–26-ல் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். சங்கம் இதை முழு மனதோடு வரவேற்கிறது. ‘காசு வந்ததும் ஆட்டத்தின் புனிதம் போச்சு’ என்று பேசுகிறவர்களுக்கு நம் பதில் நேரடியானது: பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகச் சம்பளம் ஃபுட்பால் பயிற்சியாளருக்குத்தான், அது புனிதத்தைக் கெடுக்கவில்லை என்றால் இருபது வயசுப் பையன் வாங்குவதும் கெடுக்காது. பெல்வில் பையன் பிரைஸ் அண்டர்வுட் நவம்பரில் லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) அணிக்குக் கொடுத்த வாக்கை விட்டு நம் அணிக்கு வரச் சம்மதித்தபோது எவ்வளவு பணம் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நம் ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் வளர்ந்த பிள்ளை, வாங்கட்டும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பங்கில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விட்டால், நீச்சலும் ஜிம்னாஸ்டிக்ஸும் பெண்கள் அணிகளும் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் நெப்ராஸ்காவில் பெண்கள் வாலிபால் பார்க்க 92,003 பேர் வந்தார்கள், ஆள் வராது என்ற சாக்கு இனிச் செல்லாது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் இங்கேதான் வளர்கிறார்கள். அதனால் வரும் ஆண்டு பெண்கள் ஆட்டத்துக்கும் குழுவாகச் சீட்டு எடுக்கச் செயற்குழு முன்மொழிகிறது.

அப்புறம் வாட்ஸப் குழு. நம் அணியின் டேவிஸ் வாரன் ஆர்கன்சாஸ் ஸ்டேட் ஆட்டத்தில் மூன்று தடவை பந்தை எதிரணியிடம் எறிந்துவிட்டு வெளியே உட்கார்த்தப்பட்டபோது நம் குழுவில் வந்த சில வார்த்தைகளை இங்கே படிக்க முடியாது. பள்ளிக்கூட வயதில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, உதவித்தொகை இல்லாமலே அணியில் வந்து சேர்ந்த பிள்ளை அவர். நவம்பர் 30 அன்று கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டை வென்ற அணியின் குவார்ட்டர்பேக்கும் அவரேதான். ஆட்டத்தைத் திட்டுங்கள், பயிற்சியாளர் போட்ட திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், ஆட்டக்காரப் பிள்ளையின் உடம்பையும் பிறப்பையும் குடும்பத்தையும் தொடக்கூடாது. இது இனிக் குழு விதி. பந்தயப் பேச்சும் குழுவில் கூடாது. 2021 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் போனிலேயே பந்தயம் கட்டலாம். அது வந்த பிறகுதான் காசு தோற்றவர்கள் ஆட்டக்காரர்களுக்கே மிரட்டல் அனுப்புவது பெருகியிருக்கிறது. தனித்தனி ஆட்டக்காரர் மேல் கட்டும் பந்தயத்தை ஒஹாயோ 2024-ல் கல்லூரி ஆட்டங்களுக்குத் தடை செய்தது. ஒஹாயோவிடமிருந்து கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை.

அந்த நவம்பர் 30-ஐப் பற்றி நீளமாக எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். நம்மை இருபது புள்ளியில் தோற்கடிப்பார்கள் என்று ஊரே சொன்ன ஆட்டம். அதற்கு முந்தின வாரம் கொலம்பஸ் வளாகத்தில் வழக்கம்போல மிச்சிகனின் முதல் எழுத்தான ஆங்கில ‘எம்’-ஐ எல்லாம் சிவப்பு நாடா ஒட்டி மறைத்தார்கள். அங்கிருக்கும் நம் தமிழ் நண்பர்கள் ஒரு படி மேலே போய் அந்த வாரம் முழுக்க ‘ம’ இல்லாமல் தமிழில் எழுதுவதாகச் சபதம் போட்டார்கள். அம்மாவுக்கு ‘தாய்’, மாமாவுக்கு ‘தாயின் சகோதரர்’, சாம்பாருக்குப் ‘பருப்புக் குழம்பு’ என்று எழுதப் போய், குழம்பிலும் ‘ம்’ இருக்கிறது என்று நாங்கள் சுட்டிக்காட்டிய இடத்தில் சபதம் உடைந்தது. நம் சங்கத்தில் கணவர் மிச்சிகன், மனைவி ஒஹாயோ ஸ்டேட் என்ற வீடு ஒன்று உண்டு, ஆட்டம் பார்த்தது அங்கேதான். சோபாவின் ஒரு பாதி மஞ்சள் நீலம், மறு பாதி சிவப்பு, நடுவில் பாப்கார்ன். 10-10 என்று நின்ற ஆட்டத்தில் 45 விநாடி இருக்க டாமினிக் ஸ்வாடா 21 கஜத்திலிருந்து உதைத்தார், 13-10. தொடர்ந்து நாலாவது வருஷ வெற்றி. பேஸ்மென்டில் போட்ட கும்மாளத்தில் விளக்கு ஒன்று உடைந்தது, சங்கச் செலவில் மாற்றிக் கொடுத்தோம், பொருளாளர் கணக்கில் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் நம் ஆட்கள் அவர்கள் மைதானத்தின் நடுவில் கொடி நாட்டப் போய், கைகலப்பாகி, போலீஸ் மிளகுப்பொடி அடித்து, இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. ஜெயித்ததில் நமக்குப் பெருமை, கொடி நாட்டியதில் இல்லை. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் போய் அதைச் செய்ய வேண்டியதில்லை. அதே ஒஹாயோ ஸ்டேட்தான் முதல் முறையாக 12 அணிகளோடு நடந்த, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் ஜெயித்து, ஜனவரி 20 அன்று நோத்ர டேமை 34-23 என்று வென்று சாம்பியன் ஆனது. கொலம்பஸ் நண்பர்களுக்கு மைசூர்பாகு அனுப்பிவைத்தோம்.

இரண்டு பல்கலைக்கழகமும் 1982-லிருந்து நடத்தும் ரத்ததானப் போட்டியில் இந்த வருஷமும் நம்மவர்கள் கொடுத்தார்கள். இரும்புச்சத்து குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட சகோதரிகள் வருத்தப்பட வேண்டாம், முருங்கைக்கீரையை விடாதீர்கள், அடுத்த நவம்பரில் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாக் ஃபுட்பால் தொடர்கிறது. மோதித் தள்ளும் ஆட்டத்தைச் சின்ன வயசில் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையை என்ன செய்கிறது என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள், இந்த ஆட்டத்தை உயிராக நேசிக்கும் நாமே அதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் எப்படி. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறிப்பதில் ஏழு வயசுப் பெண்பிள்ளைகள்தான் இப்போது நம் குழுவில் கெட்டி.

கொலம்பஸ் நண்பர்களோடு கோடை விருந்தை டொலீடோவில் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. 1835-ல் ஒஹாயோவும், அப்போது இன்னும் மாநிலம் ஆகாத மிச்சிகனும் ஆயுதத்தோடு எல்லைச் சண்டைக்கு நின்றது அந்த ஊருக்காகத்தான். ஊர் ஒஹாயோவுக்குப் போனது, நமக்கு வடக்குத் தீபகற்பம் கிடைத்தது. பிரியாணி யார் செய்வது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை.

புது சீசன் 2025 ஆகஸ்ட் 30 அன்று நியூ மெக்சிகோவோடு நம் அரங்கத்தில் தொடங்குகிறது, நவம்பர் 29 அன்று ஒஹாயோ ஸ்டேட் இங்கே வருகிறது. சந்தாவை ஆகஸ்ட் 15-க்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள். கரி அடுப்பின் ஒரு கால் ஆடுகிறது, வெல்டிங் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

செயலாளர்