மலையக வீடும் அஸ்வெசுமவும்: பாராளுமன்றக் குழுக்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புற வீடமைப்பு பாராளுமன்றக் குழுக்களின் முன் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: எத்தனை வீடு கட்டினீர்கள்? அமைச்சின் அதிகாரிகள் ஒரு மொத்தத் தொகையைச் சொல்கிறார்கள். இலக்கு இவ்வளவு, முடிந்தது இவ்வளவு, மிகுதி இவ்வளவு என்பதோடு விசாரணை அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் தொகையில் ஏறிய வீட்டில் ஆள் குடியிருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, குடியிருப்பவர் கையில் பதிவான காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்பது அறிக்கையில் வருவதில்லை. குழுக்கள் தொகையைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாக நிரப்பிய அட்டவணையைக் கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

வீடு எழும்ப முன் காணி விடுபட வேண்டும். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையான தோட்டங்கள் ஜனவசம எனும் அரச தோட்ட அபிவிருத்திச் சபையின் கைக்கும் அரச பெருந்தோட்ட யாக்கத்தின் கைக்கும் போயின. 1992 இல் அவற்றில் பெரும்பகுதி கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது, பிறகு நீண்டகாலக் குத்தகையானது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுக்கவும் குத்தகைக்காரக் கம்பனியின் இணக்கம், காணிக்கு உரித்துள்ள அரச நிறுவனத்தின் இணக்கம், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை, நில அளவைப் படம் எல்லாம் கூடிவர வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தின் வேலை. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். கடிதம் எந்தத் திகதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது, எந்தத் திகதியில் திரும்பியது என்று இரண்டு திகதிகளை எழுத வைத்தால் போதும், எங்கே கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

மண்சரிவு அறிக்கையில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதிகாரிகள் வந்து பார்க்கும்போது சரிவு அதன் இயல்பான நிலையில் இருக்கும். அனுமதி வந்த பின் பெக்கோ இயந்திரம் வந்து சரிவைக் குடைந்து தட்டையாக்குகிறது. வீட்டின் பின்புறத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக மண் செங்குத்தாக நிற்கும். அறிக்கை சொன்ன சரிவு இப்போது அங்கே இல்லை. வெட்டிய மண்ணுக்குத் தாங்கு சுவரும், மேலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் கானும் போடாவிட்டால் முதல் பெருமழையிலேயே மண் குசினிச் சுவரில் வந்து சாயும். வெட்டி எடுத்த மண்ணைக் கீழ்வரிசை வீட்டின் தலைக்கு மேல் கொட்டி வைப்பது இதைவிட ஆபத்தானது. ஆகவே நிலத்தை வெட்டிய பின் இரண்டாம் தடவை பரிசோதனை நடந்ததா, தாங்கு சுவருக்கும் கானுக்கும் மதிப்பீட்டில் பணம் ஒதுக்கப்பட்டதா, அல்லது அதைப் பயனாளியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டதா என்று குழு கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை, அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளை, மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகமெங்கும் சரிவுகளைப் பெயர்த்துக் கொண்டுபோனது. இதற்குப் பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதை மன்னிக்க முடியாது.

கூரை போட்டவுடன் வீடு கணக்கில் ஏறிவிடும். தண்ணீர்க் குழாயும் மின்சார இணைப்பும் வேறு ஒதுக்கீடுகள், வேறு நிறுவனங்கள். அவை வராத வரை குடும்பம் லயன் காம்பராவை (லயன் அறையை) விடாது, விடவும் முடியாது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்த சட்டம் 2018 இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபைக்கான 32 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. சட்டக் காரணம் இப்போது இல்லை. எந்தச் சபை எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு செலவிட்டது என்பதே கேட்கப்பட வேண்டியது.

உறுதி விடயத்தில் இன்னும் கவனம் தேவை. விழா மேடையில் கையளிக்கப்படும் பத்திரம் எல்லாம் உறுதி ஆகிவிடாது. நொத்தாரிசு அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர் ஒப்பமிட்டு, காணிப் பதிவகத்தில் பதிவாகி, பதிவு இலக்கம் பெற்றதுதான் வங்கியிலும் நீதிமன்றத்திலும் செல்லும். இந்திய உதவியின் மூன்றாம் கட்டத்தில் 4,000 வீடுகள், நான்காம் கட்டத்தில் 10,000 வீடுகள் என்று பேசப்படுகிறது. அந்த வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே பதிவு இலக்கம் எழுதும் ஒரு நிரல் இருக்கட்டும். கணவன், மனைவி இருவர் பெயரும் உண்டா என்பதற்கு இன்னொரு நிரல்.

வீட்டுரிமை இல்லாமையின் பாதிப்பு சமூகப் பாதுகாப்பிலும் தெரிகிறது. இந்த இரண்டையும் குழுக்கள் தனித்தனியாகப் பார்ப்பதால் இடைவெளியில் விழும் குடும்பம் கண்ணில் படுவதில்லை. ஊழியர் சேமலாப நிதியில் வீட்டுத் தேவைக்காக 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பத்து வருட சேவையும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாவும் வேண்டும். வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவருக்கு இவை இருக்கும். காணிக்கான பத்திரத்தைக் கேட்கும் இடத்தில்தான் அவர் நின்றுபோகிறார்.

அரசின் மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவை எடுத்துக்கொள்வோம். 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பம் அளக்கப்படுகிறது. 2025 ஜனவரி முதல் வறியவர் பிரிவுக்கு 10,000 ரூபா, மிக வறியவர் பிரிவுக்கு 17,500 ரூபா. ஒரு பிரிவு மாறினாலே மாதம் 7,500 ரூபா வேறுபடும். ஒரே லயன் காம்பராவில் பெற்றோரும் மணமான மகனின் குடும்பமும் இரண்டு அடுப்பு வைத்து வாழ்கிறார்கள். கணக்கெடுப்பவர் அதை ஒரு குடும்பம் என்று எழுதினால் சம்பளங்கள் கூடுகின்றன, பிரிவு மாறுகிறது. சுவர் கருங்கல், தரை சிமெந்து, மேலே தகரம் என்று எழுதினால், நூறு வருடம் தாண்டி ஒழுகும் லயன் கடதாசியில் உறுதியான கட்டடமாகத் தெரியும்.

வருமானத்தைச் சம்பளச் சீட்டிலிருந்து எடுப்பதிலும் கோளாறு உண்டு. அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தபோது 25 பேர் விழுந்த, அதாவது 25 நாள் வேலை பதிவான மாதத்தில் 33,750 ரூபா, 12 பேர் விழுந்த மாதத்தில் 16,200 ரூபா. கொழுந்து கூடிய மாதத்துச் சீட்டைப் பார்த்தால் ஒரு குடும்பம், வறட்சி மாதத்துச் சீட்டைப் பார்த்தால் இன்னொரு குடும்பம். 33,750 இல் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா போகும். பிறகு சங்கச் சந்தா, தேயிலைத் தூள், தீபாவளி முற்பணம். எந்த மாதம், கழிவுக்கு முன்னா பின்னா, எத்தனை மாதச் சராசரி என்பதற்கு எழுத்தில் அறிவுறுத்தல் இருக்கிறதா என நலன்புரி நன்மைகள் சபையைக் குழு கேட்க வேண்டும். பல தோட்டங்களில் தபால் வீட்டுக்கு வராது, தோட்ட அலுவலகத்துக்கே வரும். மேன்முறையீட்டுக்கான காலம் கடந்த பின் கடிதம் கைக்குக் கிடைத்தவர்களின் நிலை என்ன என்பதும் அதே கேள்வியின் பகுதி.

யாரிடம் கேட்பது என்பதிலும் கோப்பு சிதறுகிறது. ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் போன்றவை கோப் எனப்படும் அரச தொழில்முயற்சிகள் பற்றிய குழுவின் கீழ் வருகின்றன. அமைச்சு, மாவட்டச் செயலகம், பிரதேச சபை ஆகியவை கோபா எனப்படும் அரச கணக்குகள் பற்றிய குழுவின் கீழ். கொள்கை துறைசார் மேற்பார்வைக் குழுவுக்குரியது. ஒரே வீட்டின் காணி ஒரு குழுவிலும் பணம் இன்னொரு குழுவிலும் பேசப்படுகின்றன. மேற்பார்வைக் குழு இந்த அமைப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டும். கோப், கோபா அறிக்கைகளுக்கு உரிய அமைச்சர் 8 வாரங்களுக்குள் பாராளுமன்றத்துக்குப் பதில் தர வேண்டும் என்று நிலையியற் கட்டளைகள் சொல்கின்றன. மலையக உறுப்பினர்கள் அந்தத் திகதியைக் குறித்து வைத்துக் கேட்கட்டும்.

வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். உங்கள் தோட்டத்தில் எத்தனை வீட்டுக்கு மண்சரிவு அறிக்கை உண்டு, எத்தனை உறுதி பதிவானது, எத்தனை அஸ்வெசும மேன்முறையீடுகள் முடிவின்றி இருக்கின்றன என்று தனித்தனி இலக்கமிட்டுக் கேளுங்கள். “எல்லா விபரமும்” என்று எழுதினால் தெளிவில்லை என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கையில் வந்த பதிலைப் பொது மனுவோடு இணைக்கலாம். மனு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் வழியாகவே சமர்ப்பிக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கையொப்பம், ஏற்கனவே முறையிட்ட அலுவலகங்களின் பெயர், திகதி, கிடைத்த பதில்களின் பிரதி, கேட்கும் நிவாரணம் ஆகியவை அதில் தெளிவாக இருக்கட்டும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் பிரதியையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட அலுவலக முகவரியை மட்டும் கொடுக்காமல் பதில் நேரே வந்து சேரக்கூடிய வேறொரு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புற வீடமைப்பு, நலன்புரி விடயங்களில் பணியாற்றுவோர்,
ஹட்டன்.