ஃபெஸ் நகரில் வழி தவறத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மொராக்கோவின் ஃபெஸ் நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரை, ‘பழைய நகருக்குள் தொலைந்துபோவதே தனி சுகம்’ என்று முடிந்திருந்தது. தனியாளாக, கையில் பையில்லாமல் சுற்றுபவருக்கு அது சரி. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவருக்கும் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்கும் அந்தச் சுகம் கட்டுப்படியாகாது. ஃபெஸ்ஸில் வழி தவறாமல் நடக்க முடியும். அதற்குக் கைப்பேசியைவிடக் காலடித் தரையைக் கவனிப்பது மேல்.

ஃபெஸ் அல் பாலி எனப்படும் பழைய நகர், ஓர் ஆற்றின் இரு கரையிலும் கிண்ணம்போல் இறங்கும் சரிவில் கட்டப்பட்டது. மேற்கே மேட்டில் பூஜ்லூத் வாயில். பள்ளத்தில், ஆற்றையொட்டி ரசீஃப் சதுக்கம். அதைத் தாண்டினால் அந்தலூஸ் பகுதி மறுபடி மேலேறி ஃப்தூஹ் வாயிலில் முடிகிறது. ஆக, மேற்குப் பாதியின் பெரும்பாலான சந்துகளில் விடை இரண்டுதான்: இறங்கினால் ரசீஃப் பக்கம், ஏறினால் பூஜ்லூத் பக்கம். இரண்டு இடத்திலும் டாக்சி கிடைக்கும். முதல் நாளே வெளிச்சம் இருக்கும்போது வடக்குக் குன்றில் உள்ள மரீனிய அரசர்களின் கல்லறை மேட்டுக்கு டாக்சியில் போய் ஊரை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த அமைப்பு மனதில் பதிந்துவிடும். இருட்டியபின் அங்கே நிற்க வேண்டாம்.

பூஜ்லூத் வாயிலைக் கட்டுரையாளர் ‘இடைக்கால வாயில்’ என்று எழுதியிருக்கிறார். இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்த வளைவு 1913-இல், பிரெஞ்சு ஆட்சி வந்த மறு ஆண்டு கட்டப்பட்டது. அதன் ஓடுகள் வெளிப்பக்கம் நீலம், உட்பக்கம் பச்சை. திரும்பி வரும்போது பச்சை வளைவு தெரிந்தால் ஏற்றம் முடிந்தது என்று அர்த்தம்.

வாயிலுக்குள் நுழைந்து இடப்பக்கம் ஒதுங்கி, உடனே வலப்பக்கம் திரும்பினால் தலா கபீரா. வலப்பக்கமாகவே இறங்குவது தலா சகீரா. இரண்டு தெருவும் ஏறக்குறைய இணையாக இறங்கி, அத்தாரின் கடைத்தெருவை நெருங்கும்போது சேர்ந்துகொள்கின்றன. தலா கபீராவில் சற்று தூரத்திலேயே 14-ஆம் நூற்றாண்டின் பூ இனானியா மதரசா வரும். அங்கிருந்து அத்தாரின் மதரசா, கரவிய்யீன் பள்ளிவாசல், செம்புப் பாத்திரம் தட்டும் சஃபாரின் சதுக்கம், பிறகு ரசீஃப் என்று எல்லாமே இறக்கம்தான். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம் போதும். பார்த்துப் பார்த்துப் போனால் அரை நாள். முழங்கால் வலி உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: காலையில் பூஜ்லூத்தில் தொடங்கி இறங்குங்கள், ரசீஃபில் டாக்சி பிடித்து மேட்டுக்குத் திரும்புங்கள். இறங்கிய வழியே மத்தியான வெயிலில் ஏறித் திரும்புவதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

கைப்பேசி வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது? சந்துகள் குறுகல், இரு பக்கமும் உயரமான சுவர், சில இடங்களில் மேலே கூரை வேறு. செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். திசையை மட்டும் நம்பலாம், திருப்பத்தை நம்பக் கூடாது. கடைகள் தொடர்ந்தால் அது பெரும்பாலும் ஊடுருவிப் போகும் தெரு. கடைகள் நின்று, வீட்டுக் கதவுகள் மட்டும் வந்து, சந்தும் ஒடுங்கினால் அது ‘தர்ப்’ எனப்படும் குடியிருப்புச் சந்து, பெரும்பாலும் முட்டுச்சந்து. தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

அடையாளம் வைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ‘செருப்புக் கடை தாண்டி இடப்பக்கம்’ என்று மனதில் குறித்துக்கொள்வார்கள். இரவிலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகும் பெரும்பாலான கடைகள் மூடிவிடும். பலகை அடைத்த தெரு முன்பு பார்த்த தெருவாகவே தெரியாது. நெஜ்ஜாரின் சதுக்கத்தின் ஓடு பதித்த நீரூற்று, பள்ளிவாசல் கதவு, தெருவுக்குக் குறுக்கே உள்ள மர விட்டம் போன்ற மூடாத பொருளையே அடையாளமாக வையுங்கள். முக்கியமான திருப்பத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துப் படம் எடுங்கள். வரும்போது உங்கள் கண்ணுக்குத் தெரியப்போவது அந்தப் பக்கம்தான்.

வழி கேட்பதென்றால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் கடையை விட்டுவிட்டு உங்களோடு வரமாட்டார். தெருவில் தானாக வந்து ‘இந்த வழி மூடியிருக்கிறது’ என்பவர் சொல்வது பெரும்பாலும் உண்மையல்ல. பின்னாலேயே நடந்தால் ஒரு தோல் கடையில் போய் நிற்கும், கூலியும் கேட்பார். ‘லா ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போய்விடலாம். வழிகாட்டி வேண்டுமானால் அரசு அனுமதி அட்டை உள்ளவரை விடுதி மூலம் அமர்த்தி, மணிக்கணக்கையும் ‘கடைகளுக்குப் போக வேண்டாம்’ என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை அவற்றைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்து பார்ப்பதே வழக்கம். மாடிக்கு ஏறினால் கீழே விற்பனைப் பேச்சும் உண்டு. சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிகளின் நெடிக்குத்தான் கையில் புதினா தருகிறார்கள்.

‘பாலக்!’ என்று பின்னால் குரல் கேட்டால் கோவேறு கழுதை வருகிறது. குடும்பம் முழுவதும் ஒரே பக்கச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் சிதறினால் இரு புறமும் துருத்திய சுமை யாரையாவது இடிக்கும். மழை நாளில் இறக்கத்தில் வரும் கழுதையால் வழுக்கும் கல்லில் சட்டென்று நிற்க முடியாது. அதே காரணத்துக்காக உங்கள் காலணிக்கும் பிடிப்பு வேண்டும்.

மோட்டார் வண்டி எதுவும் சந்துகளுக்குள் வராது. ரியாத் எனப்படும் பழைய வீட்டு விடுதியில் தங்குபவர்கள் அதன் பெயரை டாக்சிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. பூஜ்லூத், பத்ஹா, ஐன் அஸ்லித்தன், ரசீஃப், கீஸா வாயில் ஆகிய டாக்சி வரும் இடங்களில் எது அருகில் என்று விடுதியிடம் முன்பே கேட்டு, அங்கே ஆளை நிற்கச் சொல்லுங்கள். சக்கரப் பெட்டி படிக்கட்டில் உதவாது. வாயில்களில் தள்ளுவண்டிக்காரர்கள் இருப்பார்கள், கூலியைப் பேசிவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.

நகருக்குள் ஓடும் சிவப்பு நிறச் சிறிய டாக்சியில் மூன்று பேர்தான் ஏறலாம். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு வண்டி தேவை. மீட்டரைப் போடச் சொல்லுங்கள். இரவு 8 மணிக்கு மேல் கட்டணம் ஒன்றரை மடங்கு, அது ஏமாற்று அல்ல. ஊருக்குத் தெற்கே உள்ள விமான நிலையத்துக்குப் பெரிய டாக்சியில்தான் போக வேண்டும். காசாபிளாங்காவில் இறங்குபவர்களுக்கு ரயில் உண்டு; ஏறக்குறைய நான்கு மணி நேரம். ரமலான் மாதத்தில் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதையும் பயணச்சீட்டு எடுக்கும்போது கவனிக்க வேண்டும்.

கரவிய்யீனிலும், நகரை நிறுவியவராகப் போற்றப்படும் மவ்லாய் இத்ரீஸின் அடக்கத்தலத்திலும் முஸ்லிம்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. மற்றவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். பூ இனானியாவும் அத்தாரின் மதரசாவும் நுழைவுச்சீட்டு வாங்கும் எல்லோருக்கும் உண்டு.

அடுத்த முறை இப்படியொரு ஊரைப் பற்றி எழுதும்போது, வானவில் நிறத் தோல் தொட்டியின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, வாயில்களையும் சரிவின் திசையையும் காட்டும் கையளவு வரைபடம் ஒன்றைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி