புது வண்டி ஓயாமல் மணியடிக்கிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

நம் பணிமனைக்கு வருகிற புது வண்டிகளில் பல இப்போது பழுதுக்காக வருவதில்லை. "இந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள்" என்ற ஒரே கோரிக்கையோடு வருகின்றன. கேமரா, ரேடார் வைத்து ஓட்டுகிறவரை எச்சரிக்கிற 'அடாஸ்' என்ற வசதி எழுப்பும் சத்தம்தான் பெரும்பாலும் அது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் வண்டி ஓட்டுகிறவர் கையிலும் கொடுங்கள். நம் பக்கத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், ஓட்டுகிறவர் இங்கே இருப்பார். மணியோசையைக் கேட்டு அவதிப்படுகிறவர் அவர்தான்.

சென்ற மாதம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார்கள். மகன் வாங்கி அனுப்பிய வண்டி, வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "தம்பி, கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் தலை வலிக்கிறது. எந்த ஒயரோ அதை வெட்டிவிடப்பா" என்றார்கள். அவர்கள் வீட்டு ஓட்டுநர் அண்ணனுக்கு அதைவிட மனக்குறை. "முப்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு சின்னக் கீறல் கிடையாது. இது என்னைத் தூங்குமூஞ்சி என்கிறது" என்றார்.

ஒயரை வெட்டவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். காரைக்குடியிலிருந்து திருமயம் வரை போனோம். எங்கே மணி அடித்தது, என்ன மாதிரி மணி, அப்போது எதிரில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். கோட்டை கண்ணில் படுவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது.

குறித்ததில் பாதிக்கு மேல் லேன் எச்சரிக்கை. முன்கண்ணாடியின் உட்புறம், பின்னால் வருவதைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்கு மறைவில் ஒரு கேமரா இருக்கிறது. அது சாலையில் போட்டிருக்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே வரும். பெரும்பாலான வண்டிகளில் 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் வந்த பிறகுதான் இந்தக் காவல் தொடங்கும். இண்டிகேட்டர் போடாமல் சக்கரம் கோட்டை நெருங்கினால், ஓட்டுகிறவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு மணியடிக்கும். சில வண்டிகள் ஸ்டீயரிங்கையும் மெல்லத் திருப்பி உள்ளே இழுக்கும். நம் சாலையிலோ ஓரத்தில் ஆட்டு மந்தை போகும். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் மூன்று சைக்கிளை இணையாக ஓட்டி வருவார்கள். சீமைக் கருவேல முள் தார்வரைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். விலகித்தான் போயாக வேண்டும். விலகும்போது நம்மில் யாரும் இண்டிகேட்டர் போடுவதில்லை.

திரும்பி வரும்போது ஓட்டுநர் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். கோட்டைத் தாண்டி விலக நேரும்போதெல்லாம் இண்டிகேட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகுங்கள் என்றேன். அவ்வளவுதான். காரைக்குடி வந்து சேரும்வரை அந்த மணி இரண்டு முறைதான் கேட்டது. அந்த இரண்டும் அவர் மறந்துபோன இடங்கள். இண்டிகேட்டர் எரிந்தால், தெரிந்தே விலகுகிறார் என்று வண்டி புரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடும். பின்னால் வருகிற பஸ்காரருக்கும் உங்கள் எண்ணம் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, வண்டியின் திரையில் அடிக்கடி வந்துபோன ஒரு செய்தி: முன் சென்சார் மறைக்கப்பட்டிருக்கிறது என்று. இதற்குக் காரணம் தேட நாங்கள் கருவி எதையும் எடுக்கவில்லை. வண்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தாலே தெரிந்தது. பிள்ளையார்பட்டியில் பூசை போட்ட வண்டி. முன்பக்கச் சின்னத்தின் மேல் சந்தனம் தடிமனாகக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே எலுமிச்சை மிளகாய்க் கயிறு. மாலை கட்டிய வாழைநார் முடிச்சு கிரில்லிலேயே இறுகிக் கிடந்தது. பல வண்டிகளில் ரேடார் இருப்பது சரியாக அந்தச் சின்னத்துக்குப் பின்னாலோ அதற்குக் கீழே பம்பரிலோதான். அது 77 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை அனுப்பி, எதிரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. அந்த அலையின் நீளம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. பிளாஸ்டிக்கை ஊடுருவிப் போகும். தண்ணீரும் உலோகமும் குறுக்கே வந்தால் திணறிவிடும். சாறு நிறைந்த எலுமிச்சம்பழம் ரேடாருக்கு முன்னால் ஊசலாடினால் அது என்ன செய்யும்?

சந்தனத்தைத் துடைக்க வேண்டும் என்றதும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது. சாமிக்கு வைத்ததை எடுப்பதா என்ற தயக்கம். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, அவர்கள் கையாலேயே பானெட்டின் மேல் நடுவில் புதிதாகப் பொட்டு வைக்கச் சொன்னோம். எலுமிச்சைக் கயிற்றை நம்பர் பலகையை மறைக்காமல் ஓரமாகக் கட்டினோம். அடுத்த முறை வண்டி எடுத்தபோது அந்தச் செய்தி வரவில்லை. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்: பூசை போடுங்கள், பொட்டு வையுங்கள். இடத்தை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ரேடார் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்டித் தருகிறோம்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். கேமராவுக்கு முன்னாலுள்ள பகுதியில் சாமி படம், ஊர்ப்பெயர் எழுதிய பட்டை, வெயிலுக்கான பிலிம் எதுவும் ஒட்டாதீர்கள். டேஷ்போர்டில் வெள்ளைத் துண்டு விரிக்காதீர்கள். நடுப்பகல் வெயிலில் அதன் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து கேமராவுக்குக் கண் கூசும். நம் செம்மண் புழுதி மெல்லிய படலமாகப் படிவது நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். காலையில் எடுக்கும்போது வைப்பர் தண்ணீரை ஒருமுறை அடித்துவிடுங்கள். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து கோடு போடுகிறது என்றால் உடனே மாற்றுங்கள், அது பெரிய செலவில்லை.

மாதக்கணக்கில் பூட்டிய வீட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் போடும் படைப்புக்கோ வந்து சாவியைத் திருப்பினால் திரை முழுக்க மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. அவசர பிரேக் இயங்கவில்லை, லேன் உதவி இயங்கவில்லை என்று வரிசையாகச் செய்திகள். பதறிப்போய்ப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு கணினிப் பெட்டியும் தன் பங்குக்கு ஒரு புகாரைப் பதிந்துகொள்ளும். பேட்டரியைச் சரிசெய்து கொஞ்ச தூரம் ஓட்டினாலே பாதி விளக்குகள் அணைந்துவிடும். அணையாவிட்டால் அடுத்ததாக நாங்கள் பார்ப்பது எலி கடித்த ஒயரை. வீட்டுக் காவலுக்கு இருப்பவரிடம் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது போதாது.

இனி எங்கள் தவறு ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன், கல் பட்டு விரிசல் விட்ட ஒரு முன்கண்ணாடியை மாற்றிக் கொடுத்தோம். கேமராவைக் கழற்றி அதே இடத்தில் பொருத்தினோம், வேலை முடிந்தது என்று நினைத்தோம். அந்த வாடிக்கையாளர் பத்தே நாளில் திரும்பி வந்தார். பக்கத்து லேனில் போகிற லாரிக்கெல்லாம் வண்டி பதறுகிறது என்றார். கண்ணாடி மாற்றினால் கேமராவுக்கு அளவுதிருத்தம் (அதன் பார்வை நேராக இருக்கும்படி கருவி வைத்துச் சரிசெய்வது) செய்ய வேண்டும் என்பதை அன்றைக்கு நாங்கள் பொருட்படுத்தவில்லை. கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், நூறு மீட்டர் தூரத்தில் அதன் பார்வை ஏறத்தாழ 1.75 மீட்டர் தள்ளிப்போகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். அதில் சரிபாதி. கண்ணால் பார்த்து ஒரு டிகிரியைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்காலும் முடியாது. எங்கள் செலவில் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிச் சரிசெய்து கொடுத்தோம்.

அளவுதிருத்தத்துக்கான பலகைகளும் கருவியும் எங்களிடம் இன்றைக்கும் இல்லை. அதனால் அடாஸ் உள்ள வண்டிக்கு நாங்கள் முன்கண்ணாடி மாற்றுவதை நிறுத்திவிட்டோம். கம்பெனி சர்வீஸுக்கே போகச் சொல்கிறோம். வேறு எங்கேனும் மாற்றுவதாக இருந்தால், அளவுதிருத்தம் செய்து அறிக்கை தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். பம்பரில் பட்டி போட்டு வர்ணம் அடித்த வண்டிகளுக்கும் இது பொருந்தும். பின்பம்பரின் இரு மூலைகளிலும் உள்ளே ரேடார் இருக்கலாம். மேலே பட்டியும் உலோகத்தூள் கலந்த வர்ணமும் தடிமனாக ஏறினால், யாருமில்லாத இடத்தில் ஆள் இருப்பதாகச் சொல்லும், ஆள் இருக்கும்போது பேசாமல் இருக்கும். இரண்டாவது இன்னும் மோசம்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் கருத்தைச் சொல்கிறோம். லேன் எச்சரிக்கையை, கோடே இல்லாத கிராமத்துச் சாலையில் தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள். திருச்சிக்கோ மதுரைக்கோ நான்குவழிச் சாலையில் போகும்போது மறக்காமல் போடுங்கள். சில வண்டிகளில் சத்தத்துக்குப் பதில் ஸ்டீயரிங் அதிர்வு வைக்கலாம், ஆச்சி வண்டியில் அப்படித்தான் வைத்தோம். தெருவில் பின்னால் எடுக்கும்போது மின்கம்பத்துக்கும் வீட்டுப் படிக்கும் கத்துகிற பார்க்கிங் சென்சாருக்குச் சில வண்டிகளில் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது.

முன்மோதல் எச்சரிக்கையை நிறுத்தாதீர்கள். அதற்குச் சீக்கிரம், நடுத்தரம், தாமதம் என்று மூன்று நிலைகள் பெரும்பாலும் இருக்கும். புது வண்டியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, ஊருக்குள் ஓட்ட ஒருபடி தாமதமாக்கிக்கொள்ளுங்கள். குறுக்கே புகுகிற ஒவ்வொரு பைக்குக்கும் கத்துவது குறைந்துவிடும். தானியங்கி அவசர பிரேக்கை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். அது தேவையில்லாமல் பிடித்தால் பின்னால் வருகிறவர் இடித்துவிடுவாரே என்ற பயம் நியாயமானது. அப்படி ஒருமுறை நடந்தாலும், எந்த இடம், என்ன நேரம், எதிரில் என்ன இருந்தது என்று குறித்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அழுக்கா, அளவா, மென்பொருளா என்று பார்த்துவிடலாம்.

80 கிலோமீட்டரில் விட்டுவிட்டும் 120ல் விடாமலும் ஒலிக்கிற வேக மணியையும், சீட் பெல்ட் மணியையும் நிறுத்தச் சொல்லி எங்களைக் கேட்காதீர்கள். 2019 ஜூலை 1 முதல் சட்டப்படி வண்டியோடு வருகிறவை அவை. பெல்ட் மணியை ஏமாற்றும் கொக்கிகளை விற்ற ஐந்து இணையத் தளங்களுக்கு எதிராக 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. பக்கத்து சீட்டில் முறுக்கு டின்னோ தூக்குவாளியோ வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அந்த மணி அடிக்கும். பாத்திரத்தைப் பின்னால் வையுங்கள், தீர்ந்தது.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் தைப்பூசம். காவடி எடுத்து, குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரமாகவே போவார்கள். நம் வீட்டு ஆட்களும் அதில் இருப்பார்கள். எதிர்வண்டி விளக்கில் நம் கண் கூசுகிற அந்த ஒரு நொடியில், நடந்து போகிறவரை வண்டி பார்த்துவிட்டால் அது பெரிய உதவி. ஆனால் முழுக்க அதை நம்பியும் இருக்காதீர்கள். இருட்டில் ஆட்களை அடையாளம் காண்பதில் இந்தக் கேமராக்களுக்குத் தடுமாற்றம் உண்டு. மாட்டையும் ஆட்டையும் எல்லா வண்டிகளும் கண்டுகொள்வதில்லை, பல கம்பெனிகளின் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. மஞ்சுவிரட்டு நாளில் சிராவயல் பக்கம் போகிறவர்கள் மணியை எதிர்பார்க்காமல் கண்ணை நம்பி மெதுவாகப் போங்கள்.

தைப்பூசத்துக்கு முன் ஒருநாள் வண்டியைக் கொண்டுவாருங்கள். சென்சார்களைச் சுத்தம் செய்து, செட்டிங்கை ஓட்டுநருக்குப் பிடித்த மாதிரி வைத்துக் காட்டிக் கொடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. காலை வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் நல்லது, ஒரு மணி நேரம் ஆகும். வண்டியோடு வந்த கையேடும், வழக்கமாக ஓட்டுகிறவரும் கட்டாயம் கூட வர வேண்டும். திருமயம் வரை ஒரு நடை போய் வருவோம். நோட்டை நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கார் பணிமனை,
காரைக்குடி