லெக் புல்லிங் என்றாயே

90 அடி ரோடு, தாராவி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. டெல்லியில் குளிர் ஏறிவிட்டதாமே, காதை மூடாமல் வண்டியில் போகாதே.

போன வாரம் போனில் நீ சொன்னதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ நம் பம்பாய் இந்தியில் "மேரெகோ, தேரெகோ" (எனக்கு, உனக்கு) என்றால் ஆபீசில் அப்படியே பேசிக் காட்டுகிறார்களாம். "சும்மா லெக் புல்லிங்தாம்ப்பா" என்று சிரித்தாய். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

உன் பத்தாம் வகுப்பு டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். இல்லாததைச் சொல்லி ஒருவனை விளையாட்டுக்கு நம்பவைப்பதுதான் லெக் புல்லிங்காம். உண்மை தெரிந்ததும் அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒருவன் பேச்சை அவன் முன்னாலேயே பேசிக் காட்டுவது வேறு. அது கேலி. நம் பக்கம் காலை வாருவது என்றாலே கூட இருந்து கவிழ்ப்பதுதான். இந்தியில் டாங் கீஞ்ச்னா என்று கேலிக்கும் சொல்கிறார்கள், மேலே போகிறவனைக் கீழே இழுப்பதற்கும் சொல்கிறார்கள்.

1960களில் "பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி" (ஊதலை ஊது, லுங்கியை விரட்டு) என்று தென்னிந்தியர்களுக்கு எதிராகச் சிவசேனாக்காரர்கள் இங்கே கத்தியதும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்ததாம். உடுப்பி ஓட்டல்களை உடைத்த பிறகுதான் தாத்தா வேட்டியைப் பெட்டியில் வைத்தார். உனக்குத் தெரிந்த கதைதான்.

தாராவியிலிருந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமா? அந்த இந்தியை வைத்துத்தான் நான் கடை நடத்தினேன். நீ ஏன் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாய்? ஒரு தடவை சிரிக்காமல் இருந்து பார். காதை மூடிக்கொண்டு போ, மறக்காதே.

உன்னிடம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்றும் நேற்று ராத்திரி தோன்றியது. மாதுங்கா சித்தி வீட்டுப் பொங்கலன்று, நீ ஏழாவது படிக்கும்போது, உனக்கு "ப" வராமல் திக்கியதை அத்தனை பேர் முன்னால் பேசிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், தம்பி. அப்புறம் வெளியே காலரியில் போய் நின்றுகொண்டாய். அதற்குப் பிறகு காசு வேண்டுமென்றால் தங்கச்சியைத்தான் என்னிடம் அனுப்புவாய். அம்மா அப்போதே சொன்னாள், நான்தான் காதில் வாங்கவில்லை. அது லெக் புல்லிங் இல்லை. நான் செய்தது தப்பு.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நீ சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசமாட்டேன்.

அப்பா