தாழ்ப்பாள்

அன்புள்ள வசந்தி,

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ எழுதிய முதல் கடிதம். எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, மற்றபடி அதே கைதான். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். இரவில் படிக்காதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய்?

"பெண்களுக்கென்று இருக்கும் இடத்தில் திருநங்கைகளைச் சேர்ப்பதா வேண்டாமா, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தாய். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி என் மேசைக்கே வந்துவிட்டதுதான் காரணம்.

நான் புகார்க் கமிட்டியில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் பெண்கள் விடுதியும் உண்டு. இந்த முறை ஒரு திருநங்கை சேர்ந்தார். ஒரு மாதத்தில் ஏழு பெண்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். "நீங்களே பேசி முடித்துவையுங்கள்" என்று நிர்வாகம் எங்களிடம் தள்ளிவிட்டது.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு பேரிடம் இருந்தது பழகாததால் வந்த தயக்கம். பேசப் பேசக் கரைந்தது. ஏழாவது பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். "அக்கா, அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. புருஷன்கிட்ட அடிபட்டு வந்தவ நான். ராத்திரி கட்டைக் குரல் காதுல விழுந்தா உடம்பு தானா நடுங்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். இதை வெறுப்பு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்து அந்தத் திருநங்கை வந்தார். அவர் இன்ன தவறு செய்தார் என்று மனுவில் ஒரு வரிகூட இல்லை. "ஆம்பளைங்க விடுதிக்குப் போன்னு சொல்றாங்க மேடம். அங்க மொத ராத்திரியே என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். அதனால் பேசாமல் இருந்தேன்.

அன்று மாலையே விடுதியைப் பார்க்கப் போனேன். ஐந்து குளியலறைகளில் மூன்றுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. வார்டனின் ரிஜிஸ்டரைப் புரட்டினால், எட்டு மாதத்துக்கு முன்பே ஒரு பெண் எழுதிவைத்திருக்கிறாள். பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். அதோடு சரி. தண்ணீர் நிரப்பிய வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தத் திருநங்கை வாசல் மிதிப்பதற்கு ஏழு மாதம் முன்பிருந்தே!

எனக்கு ரத்தம் கொதித்த இடம் அதுதான் வசந்தி. யார் பெண் என்று இரண்டு பக்கமும் மோதிக்கொண்டிருக்கும்போது, காப்பாற்ற வேண்டிய கடமை உள்ளவர்கள் நழுவிவிடுகிறார்கள். சிறைகளையே எடுத்துக்கொள். இங்கிலாந்தில் நியூ ஹால் பெண்கள் சிறையில் 2017இல் பாலியல் குற்றப் பின்னணி உள்ள ஒரு திருநங்கைக் கைதியை வைத்தார்கள். அவர் அங்கிருந்த பெண்களிடம் அத்துமீறினார். பழைய குற்றங்களைக் கணக்கில் எடுக்கத் தவறியதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் நடந்தது இதற்கு மறுபக்கம். ஆண்கள் சிறையில் இருந்த டீ ஃபார்மர் என்ற திருநங்கையை 1989இல் காவல் கடுமையான இன்னொரு ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள். இரண்டே வாரத்தில் வன்புணர்வுக்கு ஆளானதாக அவர் வழக்குப் போட்டார். ஆபத்து இருப்பது தெரிந்தும் கண்டுகொள்ளாத அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது. இரண்டு சிறையிலும் பாதிக்கப்பட்டவர்கள் வேறு வேறு. ஆபத்தைக் கண்டுகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஒரே மாதிரி.

நீ குறிப்பிட்ட பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று 2025 ஏப்ரல் 16 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு தரப்பு மறுதரப்பை வென்றதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு அதே சட்டத்தில் தொடர்கிறது என்றும் நீதிபதி ஹாட்ஜ் அப்போதே சொன்னார். தீர்ப்பைக் கொண்டாடியவர்களும் சரி, கொதித்தவர்களும் சரி, அந்தப் பகுதியைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இந்தியாவில் 2019இல் வந்த திருநர் சட்டம், அவர்கள்மீது நடக்கும் பாலியல் கொடுமைக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்று வைத்தது. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. வலிக்கு இப்படியா விலை போடுவது?

என் பக்கம் எது என்று கேட்டாயே, சொல்கிறேன். அடிபட்ட பெண்கள் தூங்கும், உடை மாற்றும் இடத்தைத் தனியாக வைக்கக் காரணம் இருக்கிறது. அதற்காக ஒரு திருநங்கையை ஆண்கள் பக்கம் துரத்துவது பச்சைக் கொடுமை. இன்னொரு அறை, இன்னொரு குளியலறை, இரவுக் காவலுக்கு இன்னும் ஒரு ஆள். இதற்கான பணத்தை நிர்வாகம்தான் போட வேண்டும். முடியாது என்றால் பெண்களைத் தங்கவைக்கவே அதற்குத் தகுதி இல்லை. இதையே கமிட்டி அறிக்கையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை.

தாழ்ப்பாள்கள் இரண்டு நாளில் வந்துவிட்டன. மனுக் கொடுத்தவர்களில் இரண்டு பேர், தாங்களே அந்தத் திருநங்கையுடன் ஓர் அறையில் இருந்துகொள்வதாகச் சொன்னார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏழாவது பெண் மாடிக்கு மாறிக்கொண்டாள். ஆனாலும் விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாளாம். சாப்பாட்டுக் கூடத்தில் அந்தத் திருநங்கை வந்து உட்கார்ந்தால் இன்னும் சிலர் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள்.

நீ பதினாறு வருஷம் வார்டனாக இருந்தவள். ராத்திரி பயந்து எழுந்திருக்கிற பெண்களிடம் என்ன பேசுவாய், யாரைத் துணைக்கு வைப்பாய்? கண் தேறியதும் விவரமாக எழுது. அடுத்த கமிட்டிக் கூட்டம் 20ஆம் தேதி. அதற்குள் வந்தால் நல்லது.

என்றும் உன்,
சரசு