கரம்பை அடிக்கும் முன்

மேலூர்

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. வெயில் ஏற ஏற கோலார் தங்கவயலில், தங்கம் எடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள்ளேயே படிகிறது என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே வரியில், உன் தம்பி நம் ஊர்க் கண்மாயில் படிந்த வண்டலை அள்ளி வயலுக்குக் கரம்பை அடிக்கப் போகிறான், மேலே பழைய கிரானைட் குவாரி கிடக்கிறதே, பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் டிராக்டர் வந்து கொட்டிவிட்டால் திரும்ப அள்ள முடியாது.

தங்கச் சுரங்கமும் கிரானைட் குவாரியும் மண்ணுக்குச் செய்யும் கெடுதல் வேறு வேறு. தங்கம், செம்பு, ஈயம் எடுக்கிற இடத்துப் பாறையில் பெரும்பாலும் கந்தகத் தாதுக்கள் இருக்கும். அரைத்துக் கொட்டிய கழிவில் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், அது ஈயம், காட்மியம், ஆர்சனிக்கைக் கரைத்து இறக்கிவிடும். ஓடைக் கல்லில் மஞ்சளும் காவியும் கலந்த படிவு ஒட்டியிருந்து, தண்ணீரின் அமிலத்தைக் காட்டும் பி.எச். எண் 4-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். நம் மேலூர்ப் பாறையில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அப்பிரகம். அமிலம் வராது. இங்கே கெடுப்பது கல் அறுத்த சேறு. மாவு போன்ற கல்தூள், அறுவைக்குப் போட்ட சுண்ணாம்பு, தேய்ந்த இரும்புத் துகள் எல்லாம் சேர்ந்தது. மழையில் வரத்துக்கால் வழியாக இறங்கிக் கண்மாயில் படியும். ஈயம் அதிகமாக இருக்கிறதென்றால் அது கல்லில் இருந்து மட்டும் வந்திருக்காது, வண்டி நிறுத்திய கொட்டகை, பழைய பேட்டரி உடைத்த இடம், கழிவெண்ணெய் கொட்டிய இடம் இவற்றிலிருந்து வந்திருக்கும். அந்தக் கொட்டகைத் தண்ணீர் எந்த வரத்துக்காலில் இறங்குகிறது என்று தம்பியை ஒரு மழையில் நின்று பார்க்கச் சொல்.

நம் ஆட்கள் கரம்பையைப் பார்க்கும் விதத்தில்தான் கோளாறு. மேலாக ஒரு பிடி அள்ளி, கறுப்பாக இருக்கிறது, நல்ல கரம்பை என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் 2012-க்குப் பிறகு பல குவாரிகள் நின்றுபோயின. அதற்குப்பின் வந்த வண்டல் மேலே மூடிவிட்டது, குவாரி ஓடிய காலத்துச் சேறு அடியில் கிடக்கிறது. ஜே.சி.பி. ஒரு மீட்டர் ஆழம் வாரும்போது இரண்டும் கலந்து டிராக்டரில் ஏறும்.

ஆகவே குழாய் இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், 60 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையைச் சாய்வாகச் சீவிவிட்டு, மேல் முனையில் பலகை வைத்து மரச் சுத்தியால் அடிக்க வேண்டும். தண்ணீர் வற்றி, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போது இறங்கும். வெடித்துக் காய்ந்துவிட்டால் குழாய்தான் உடையும், அப்போது குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவிப் பார்க்கலாம். அடிக்க அடிக்க உள்ளே மண் அமுங்கும், 40 சென்டிமீட்டர் இறக்கினால் 34-தான் நிற்கலாம். வெளியே இறங்கிய ஆழம், உள்ளே நிற்கும் நீளம் இரண்டையும் குறித்துக்கொள்ளாவிட்டால் அடுக்கின் ஆழம் தப்பாகிவிடும்.

தள்ளி எடுத்து நீளவாக்கில் பிளந்தால் கறுப்புக் கரம்பைக்கு நடுவே சாம்பல் வெள்ளையாக ஒரு பட்டை தெரிகிறதா பார். அதில் எலுமிச்சை அளவு எடுத்து நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாவாகப் பிதுக்க வேண்டும். நல்ல களி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளும். கல்மாவு வழவழவென்று இருக்கும், ஆனால் நீளாது, ஒடிந்து விழும். காய்ந்த பிறகு தேய்த்தால் விரலில் திருநீறு மாதிரி ஒட்டும். கரம்பை காய்ந்தால் ஆழமாக வெடிக்கும், இது வெடிக்காமல் தகடு போல இறுகும். வயலில் போட்டாலும் அதைத்தான் செய்யும். மண்ணின் துளையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலேயே நிற்கும், முளை மேலோட்டை உடைத்து வர முடியாது.

அடித்துவிட்ட பிறகு தெரிந்தால் ஜிப்சம் வாங்கிச் செலவழிக்காதே. சோடியத்தால் இறுகிய மண்ணுக்குத்தான் அது மருந்து. இதற்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும், 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும்தான் வழி, அதுவும் ஒரே போகத்தில் சரியாகாது.

உலோகம் இருக்கிறதா என்று பார்க்கத் தனி மாதிரி வேண்டும். வரத்துக்கால் கண்மாயில் நுழையும் இடத்தில் மணல்தான் நிற்கும், நுண்ணிய வண்டல் மடைப் பக்கத்து ஆழத்தில் போய்ப் படியும், உலோகம் ஒட்டுவது நுண்துகளில்தான். இரண்டு இடத்திலும், 0–5, 5–15, 15–30 சென்டிமீட்டர் ஆழங்களில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து இடம் எடுத்துக் கலந்து, நான்கு பங்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டைத் தள்ளித் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறைக்க வேண்டும். குவாரித் தண்ணீர் வராத பக்கத்துக் கண்மாயில் இருந்தும் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? நாகத்தகடு பூசிய வாளியும் பித்தளைச் சல்லடையும் கூடாது, மண்ணில் இல்லாத துத்தநாகமும் செம்பும் அறிக்கையில் வந்து நிற்கும். நிழலில் காய வைத்து, மரக்கட்டையால் நொறுக்கி, நைலான் சல்லடையில் சலிக்க வேண்டும்.

அரசு கொடுத்த மண்வள அட்டை இருக்கிறதே என்பான் தம்பி. அதில் வருவது பி.எச்., மின்கடத்துத் திறன், கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், மொத்தம் பன்னிரண்டு. ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் எதுவும் அதில் இல்லை. ஆய்வகத்தில் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும், எந்த முறை என்றும் கேட்க வேண்டும். எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி மொத்த உலோகத்தையும் காட்டும். அமிலத்தில் கரைத்துப் பார்த்தால் ஃபெல்ஸ்பாருக்குள் பூட்டிக் கிடக்கும் ஈயம் முழுதாக வெளிவராது, எண் குறைவாக வரும். டி.டி.பி.ஏ. என்ற கரைசலில் மண்ணைக் குலுக்கிப் பார்க்கும் முறை பயிருக்குக் கிடைக்கக்கூடியதை மட்டும் காட்டும். மூன்றும் சரிதான், ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் தப்பு. பத்து மாதிரிக்கு ஒன்று என்று ஒரே மண்ணை இரண்டு எண் போட்டு அனுப்பு. இரண்டுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி கேள்.

எவ்வளவு இருந்தால் கவலை என்று கேட்பாய். வண்டல் எடுக்க நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் அனுமதி, 25 டிராக்டர் லோடு. பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமன், எடை தோராயமாக 100 டன். உழவு ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் ஏக்கரில் அந்த மண் 900 டன். கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயம் உள்ள வண்டல் என்று வை, ஒரே தடவையில் ஏக்கருக்கு 20 கிலோ ஈயம் சேரும், 20 மில்லிகிராம் இருந்த வயல் 38 ஆகும். அடுத்த முறை அடித்தால் இன்னும் ஏறும். மழையும் வெயிலும் அதைக் குறைக்காது.

இனி உன் மேடு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடியதிலிருந்து அது காற்றில் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. பெயரில்தான் சயனைடு. வெயிலும் காற்றும் பட்டால் சயனைடு பெரும்பாலும் சிதைந்துவிடும். தாதுவோடு வந்த உலோகம் சிதையாது. உன் வீட்டு முற்றத்து மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுக்காதே, பேரப்பிள்ளைகள் கையில் ஒட்டுவது மேல் இரண்டு சென்டிமீட்டர்தான், அதை மட்டும் வழித்து அனுப்பு. வீட்டைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி மூக்குக்கு வரும், ஈரத்துணியால் துடை. கீரை போடுவதென்றால் வெளியூர் மண்ணில் தொட்டி வைத்துப் போடு, பறித்ததும் நன்றாகக் கழுவு, கீரை வழியாக ஈயம் பெரும்பாலும் இலைமேல் படியும் தூசியாகத்தான் வாய்க்குள் போகிறது.

மேட்டுக்குக் கீழே ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒன்று சொல். வயலில் தண்ணீர் கட்டியே வைத்தால் ஆர்சனிக் இளகி நெல்லுக்கு ஏறும், தண்ணீரை வடித்துக் காயவிட்டால் காட்மியம் ஏறும். எது இருக்கிறது என்று தெரியாமல் நீர் நிர்வாகத்தை மாற்றக் கூடாது. சுண்ணாம்பும் அப்படித்தான், ஈயத்தையும் காட்மியத்தையும் கட்டும், ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும். ஜப்பானில் கமியோகா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் இறங்கி, அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல்லைத் தின்றவர்களின் எலும்பு வலுவிழந்து ஒடிந்தது. காட்மியம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-ல்தான். அந்த மண்ணைப் பார்த்து எந்த விவசாயியும் கெட்டது என்று சொல்லியிருக்க மாட்டான்.

குழாய் இரண்டு அறுத்து, முனை சீவி வைக்கிறேன். கண்மாயில் மடைப் பக்கம் இன்னும் ஈரம் இருக்கிறது, பத்து நாளில் இறுகிவிடும். டிராக்டர்க்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன் தம்பியை இந்த சனிக்கிழமை காலையில் வரச் சொல். நீ முற்றத்து மண்ணை அனுப்பினால் பிளாஸ்டிக் பைக்குள் பை போட்டு, சீட்டில் பென்சிலால் இடமும் தேதியும் எழுது. பேனா மை ஈரத்தில் கலங்கிவிடும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி